நூல் நகரில் மூன்று நாள்

யூபிலி மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கல்லூரியின் பழம்பெருமையை எழுதுதற்கு எம்மினும் மூத்தோர் பலர் உளர் என்று கூறி விலக எண்ணினோம். மலர்க் குழுவினர் விட்டாரில்லை. “இங்கிலாந்துக்குப் போய் வந்தீர்களன்றோ? அங்கே கண்டவற்றை எழுதுங்கள். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் காண அந்நாட்டுக்குச் செல்வோர் எம்முள் இன்று பலர். அவர்களுக்குப் பயன்படும்” என்றனர். பயன்படும் என்ற சொல்லைக் கேட்டபின் மறுத்தல் ஆசிரியனுக்கு அழகன்று. ஆகவே எழுதத் துணிந்தோம்.

இங்கிலாந்துக்குப் போவோர் இலண்டனைப் பார்ப்பர். மணிக்கூட்டுக் கோபுரத்தின் முன்னும் அரண்மனை வாயிலின் முன்னும் நின்று படம் பிடித்துக்கொண்டு திரும்புவர். அது குறையன்று, நாமும் அவ்வாறே செய்தோம். ஆயினும் நாம் ஈண்டு எழுத விரும்புவது இலண்டனைப் பற்றியன்று; அதற்கு வடமேற்கே, புகையிரதத்தில் இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்ட தூரத்தில் உள்ள மான்செஸ்ரர் மாநகரைப் பற்றியே. அங்கே நாம் தங்கியது மூன்று நாள் மாத்திரமே. மூன்று நாளில் ஒரு மாநகரை அறிந்துவிட்டோம் எனல் யானையைத் தடவிப் பார்த்த குருடர் கதையாகும். ஆனால் எதைத் தடவினோம் என்பதையாவது உண்மையாகக் கூறலாமன்றோ?

2023 ஆம் ஆண்டுக் கோடையில் எமது மூத்த தமக்கையாரின் மகளுக்கு இலண்டனில் திருமணம் நடந்தது. அதன்பொருட்டே நாம் கடல் கடந்தோம். திருமணம் நிறைவேறியபின் நான்கு நாள் எஞ்சின. மான்செஸ்ரரில் எமது பள்ளித் தோழர் ஒருவர் வாழ்கிறார் என்பதும், அவருடைய தொலைபேசி இலக்கமும் திருமண வீட்டிலே ஒருவர்வாயிலாகக் கிடைத்தன.

அந்நண்பரும் நாமும் ஆறாம் வகுப்புத் தொடக்கம் ஒரே வாங்கில் இருந்து பயின்றவர்கள். தவணைதோறும் வகுப்பில் முதலாம் பிள்ளை அவரே. நாம் மூன்றாம் பிள்ளை. சில தவணைகளில் அதுவும் இல்லை. 1995 ஆம் ஆண்டு ஐப்பசித் திங்களில் வலிகாமமே பெயர்ந்து சென்ற அந்த இரவில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி நகர்ந்த சனத்திரளில் அவருடைய குடும்பம் ஒருபுறமும் எமது குடும்பம் ஒருபுறமுமாகப் பிரிந்தோம். நாம் ஊர் மீண்டோம். அவர் வன்னிக்குப் போய், கொழும்புக்குப் போய், பின்னர் கடல் கடந்தார் எனக் கேள்வியுற்றோம். முதலில் இரண்டொரு கடிதங்கள் வந்தன. பின்னர் அவையும் நின்றன. நாம் எழுதியவற்றுக்கு மறுமொழி வரவில்லை. செல்வம் வந்தபின் தோழரை மறந்தார் என எண்ணி நாமும் எழுதுவதை விட்டோம். அவ்வெண்ணம் எமக்கு ஒரு பெரும் பிழையைச் செய்வித்தது. அதனை உரிய இடத்திற் கூறுவோம்.

தொலைபேசியில் எமது பெயரைச் சொன்னபோது எதிர்ப்புறத்தில் நெடுநேரம் ஓசையில்லை. பின்னர், “மச்சான், எப்ப வாறாய்?” என்ற குரல் மட்டும் கேட்டது.

பிக்காடிலிப் புகையிரத நிலையத்தில் அவர் காத்து நின்றார். தலை நரைத்திருந்தது, நடை மாறவில்லை. ஒரு பண்டகசாலையில் இரவு வேலை செய்வதாகவும், எமக்காக மூன்று இரவு விடுமுறை பெற்றிருப்பதாகவும் கூறினார். வீட்டிலே அவர் மனைவியார் புட்டும் மீன் குழம்பும் சமைத்து வைத்து, “பயணக் களை தீரச் சாப்பிடுங்கோ அண்ணை” என்று பரிமாறினார். பன்னிரண்டு வயது மகள் கதவோரத்தில் நின்று எம்மைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

உணவு முடிந்தபின், நூல்களிலும் வழிகாட்டிகளிலும் பார்த்து எழுதி வைத்திருந்த இடங்களின் பட்டியலை நண்பரிடம் கொடுத்தோம். அவர் அதனை மேலிருந்து கீழாக இருமுறை வாசித்தார். “இந்த ஊருக்கு வந்து இருபத்துமூன்று வருஷம். இதில் ஒன்றுக்குள்ளும் நான் போகேல்லை” என்றார்.

நாம் வியப்படைந்தோம், வியப்படைந்தது எமது அறியாமை. மாலையில் வீடு விட்டு விடியலில் வீடு சேர்பவனுக்கு ஊர் என்பது பஸ் தரிப்பும் பண்டகசாலைக் கதவுமே. பகல் அவனுக்குத் துயிலும் பொழுது. அருங்காட்சியகமும் நூலகமும் பகலிலே திறந்து மாலையிலே பூட்டப்படுபவை. இவ்வாறாக, விருந்தாளியாகிய நாம் வழிகாட்டியும், ஊரவராகிய அவர் விருந்தாளியும் ஆனோம்.

புறப்படுமுன் சில குறிப்புகள் கூறுவோம். நாளுக்கு மூன்று இடங்களுக்குமேற் பார்க்க முயலாதீர்கள். ஐந்தாவது இடத்தைப் பார்க்கும்போது முதலாவது இடம் நினைவிலிருந்து இறங்கிவிடும். குடை இன்றிப் புறப்படாதீர்கள். மான்செஸ்ரரில் மழை எந்நேரமும் வரலாம். அம்மழையைப் பழித்தலும் தகாது. ஈரக் காற்றிலே பஞ்சிழை எளிதில் அறாது என்பதால் அவ்வட்டாரத்தில் நெசவுத் தொழில் தழைத்தமைக்கு அஃதும் ஒரு காரணமாயிற்று. நாம் கூறப்போகும் இடங்களுட் பெரும்பாலானவற்றுக்குக் கட்டணமில்லை. ஆனால் பழைய கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருத்தப்படுவனவாதலால், எது திறந்திருக்கும் என்பதை முதலிலே விசாரித்துக்கொள்க. 1877 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட புகழ்பெற்ற நகர மண்டபம் 2018 இல் திருத்த வேலைக்காக மூடப்பட்டமையால், நாம் சென்றபோது வேலியையும் சாரத்தையுமே கண்டோம்.

இனி, மூன்று நாட் பயணத்துக்கு ஒரு நூலிழை வேண்டும். அன்றேல் மணிகள் சிதறிப் போகும். எமக்குக் கிடைத்த இழை நூல் என்ற சொல்லே. பஞ்சினின்றும் திரிக்கப்படுவதும் நூல். புலவன் இயற்றுவதும் நூல். இவ்விரண்டையும் ஒன்றோடொன்று உவமித்து, சொல்லே பஞ்சாகவும், புலவனே நூற்கும் பெண்ணாகவும், அவன் வாயே கையாகவும், அறிவே கதிராகவும் நன்னூற் பாயிரம் காட்டுவதை எம் மாணவர் அறிவர். மான்செஸ்ரர் முதலாவது நூலால் உலகப் புகழ் பெற்ற நகரம். பத்தொன்பதாம் நூற்றாண்டிலே பருத்தி மாநகர் என்றே அதனை அழைத்தனர். கோயம்புத்தூரைத் தென்னிந்தியாவின் மான்செஸ்ரர் என்று நாம் பள்ளியிற் படித்ததும் அதனாலன்றோ? அந்நகரத்து வணிகர் சிலர் முதலாவது நூலில் ஈட்டிய பொருளை இரண்டாவது நூலுக்கு ஈந்தனர். அந்த ஈகையைத் தேடுவதே எமது முதல் நாள் வேலையாயிற்று.

முதலிற் சென்றது சேத்தம் நூலகம். 1421 ஆம் ஆண்டளவிற் குருமார் உறைவிடமாகக் கட்டப்பட்ட கல்லிருக்கை அது. ஹம்பிறி சேத்தம் என்ற துணி வணிகர் 1653 இல் இறந்தபோது எழுதி வைத்த சாசனத்தால் அங்கே பொது நூலகம் ஒன்றும் ஏழைச் சிறுவர் நாற்பதின்மருக்கு ஒரு பள்ளியும் தோன்றின. ஆங்கிலம் பேசும் நாடுகளிலுள்ள பொது நூலகங்களுள் மிகப் பழையது இதுவே என்பர். பள்ளி இன்று இசைப் பள்ளியாகத் திகழ்கிறது. நூலகத்தைப் பார்ப்பதற்கு முன்கூட்டியே சீட்டுப் பெற்று, வழிகாட்டியுடன் உட்செல்லல் வேண்டும். கருங்காலி போற் கறுத்துப்போன பழைய மர அலுமாரிகள். அவற்றிடையே சிறு கதவுகள். களவு போகாமற் சங்கிலியாற் பிணித்த நூல்கள் சில. ஒரு மூலையிலே சாளரத்தை ஒட்டி நாற்கோண மேசை ஒன்று உண்டு. 1845 ஆம் ஆண்டுக் கோடையிலே கார்ல் மார்க்சும் எங்கெல்சும் அருகருகே இருந்து படித்தது அம்மேசையிலேதான். உலகைக் கலக்கிய சிந்தனைகள், துணி வணிகர் ஒருவர் ஏழைகளுக்கென விட்டுச்சென்ற நூலகத்திலே ஓரளவு வளர்ந்தன எனின், கொடையின் பயனைக் கொடுத்தவனும் அறியான் என்பது தெளிவு.

அதன் அருகே உள்ளது பேராலயம். 1940 ஆம் ஆண்டு மார்கழியிற் குண்டு விழுந்து அது பெரிதும் சிதைந்தது, பின்னர்ச் செப்பனிடப்பட்டது. அதன் வெளியே, 2019 இல் நிறுவப்பட்ட மகாத்மா காந்தியடிகளின் வெண்கலச் சிலையைக் கண்டு நின்றோம். அடிகள் 1927 இற் கதர் நிதி திரட்ட யாழ்ப்பாணம் வந்ததை எமது பாட்டனார் கூறக் கேட்டிருக்கிறோம். நான்காண்டுகளின்பின், 1931 இல், மான்செஸ்ரருக்கு வடக்கேயுள்ள டார்வென் என்னும் நெசவூருக்கு அவர் சென்றார். அந்நியத் துணியை விலக்குக என்ற அவரது இயக்கத்தால் வேலை இழந்தோரும் அவ்வட்டாரத்தில் இருந்தனர். அவர்களே அவரை அன்போடு வரவேற்றனர். ஈழத்தின் கதர்க்காரரும் இங்கிலாந்தின் ஆலைத் தொழிலாளரும் ஒரே மனிதரைக் கண்டு கைகூப்பியதை எண்ணி மகிழ்ந்தோம்.

சற்று அப்பால் வெண்பளிங்கு வளையம் ஒன்று மரங்களிடையே அமைந்துள்ளது. 2017 ஆம் ஆண்டு வைகாசி 22 ஆம் நாள் அந்நகரில் இசை நிகழ்ச்சி ஒன்றின் முடிவிற் குண்டு வெடித்து மாண்ட இருபத்திருவரின் நினைவிடம் அது; 2022 இல் திறக்கப்பட்டது. மாண்டோருட் சிறுவரும் இருந்தனர். பெயர்களை வாசித்தபடி நாம் இருவரும் சுற்றி வந்தோம். அங்கே நாம் பேசவில்லை. பெயர்கள் வெட்டப்பட்ட கல்லின் முன் நிற்பதற்கு எம்மவருக்கு யாரும் பழக்கித் தரவேண்டுவதில்லை.

அங்கிருந்து போகும் வழியிலே கோப்பரேசன் வீதியில் ஒரு செந்நிறத் தபாற்பெட்டி உண்டு. 1996 ஆம் ஆண்டு ஆனி 15 ஆம் நாள் அங்கே பெருங்குண்டு ஒன்று வெடித்து இருநூறு பேருக்குமேற் காயமுற்றனர். சுற்றியிருந்த கட்டடங்கள் சிதைந்தன. இத்தபாற்பெட்டி மட்டும் ஏறக்குறையப் பழுதின்றி நின்றது. அதனை அறிவிக்கும் தகடும் அதிற் பதிக்கப்பட்டுள்ளது. நண்பர் அதனருகே நின்றார். “இதடியால் எத்தனையோ நாள் வேலைக்குப் போயிருக்கிறன். உனக்குக் கடிதம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டும் போயிருக்கிறன். வகுப்பில் முதலாம் பிள்ளை பெட்டி அடுக்குகிறான் என்று எழுத மனம் வரேல்லை” என்றார். செல்வம் வந்து எம்மை மறந்தார் என்று நாம் கொண்டிருந்த எண்ணம் அவ்விடத்திலேயே அவிந்தது.

பிற்பகலில் டீன்ஸ்கேற் வீதியிலுள்ள ஜோன் றைலண்ட்ஸ் நூலகத்தை அடைந்தோம். ஒரே ஓர் இடத்தைத்தான் பார்க்க நேரமுண்டு என்பவருக்கு நாம் கூறும் இடம் இதுவே. ஜோன் றைலண்ட்ஸ் பருத்தித் தொழிலாற் பெருஞ்செல்வரானவர்; 1888 இல் இறந்தார். அவருடைய மனைவியார் என்றிக்கெற்றா, கியூபா நாட்டிலே பிறந்தவர். கணவரின் நினைவாக ஊரவர்க்கு ஒரு நூலகம் எழுப்பினார். 1892 இற் பிரபு ஒருவரின் நாற்பதினாயிரத்துக்கு மேற்பட்ட அரிய நூல்களை ஒருங்கே விலைக்கு வாங்கினார். பசில் சாம்ப்னீஸ் என்ற சிற்பி வகுத்த கட்டடம் ஏறத்தாழப் பத்தாண்டுகளில் முடிந்து, 1900 ஆம் ஆண்டு தை முதல் நாள் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது. ஆலைப் புகை சூழ்ந்த நகராதலால், உள்ளே வரும் காற்றை வடிகட்டுதற்கு வழி செய்தார். வாயு விளக்கின் கரி நூல்களைக் கெடுக்கும் என்று, மின்விளக்கு அரிதாயிருந்த அக்காலத்தே மின்விளக்கையே அமைப்பித்தார். நூலைப் பிள்ளைபோற் பேணிய அம்மையார் என்க.

படிப்பு மண்டபம் எமது கண்ணுக்குத் தேவாலயம் போலவே தோன்றிற்று. உயர்ந்து வளைந்த கற்கூரை. இருபுறமும் படிப்போர் இருக்கும் மாடங்கள். அறிஞர் பலரின் சிலைகள். ஒரு கோடியிற் கணவரின் வெண்பளிங்குச் சிலை, மறுகோடியில் மனைவியாரின் சிலை. அங்குள்ள அரும்பொருள்களுட் சிறியது ஒரு பப்பைரசுத் துண்டு. உள்ளங்கையில் அடங்கும் அளவினது. எகிப்து நாட்டிற் கிடைத்தது. யோவான் சுவிசேடத்தின் சில வரிகளை இருபுறமும் உடையது. கிறித்தவரின் புதிய ஏற்பாட்டுப் பிரதிகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர் அதனை மதிக்கின்றனர். செல்லரித்த ஏடுகளைத் தேடி ஊரூராக அலைந்த எமது சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்களை அத்துண்டின் முன் நினையாதிருக்க இயலவில்லை.

நண்பர் ஒரு மாடத்திற் போய் இருந்தார். நாம் சுற்றிப் பார்த்துத் திரும்பியபோதும் அவ்வாறே இருந்தார். “எங்கட நூல்நிலையம் எரிந்தபோது எங்களுக்கு எத்தனை வயது?” என்று கேட்டார். 1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாண நூலகத்திலே ஏறத்தாழத் தொண்ணூற்றேழாயிரம் நூல்கள் எரிந்தபோது நாமிருவரும் நடை பழகும் குழந்தைகள். எரிந்ததை நாம் கண்டதில்லை. எரிந்தபின் எஞ்சிய சுவரையே கண்டு வளர்ந்தோம். “இவ்வளவு கிட்ட இருந்தும் வராமல் விட்டிட்டன்” என்றார் அவர். பணியாளர் வந்து நேரமாயிற்று என்று மெல்லக் கூறும்வரை அங்கேயே இருந்தோம்.

இரண்டாம் நாள் நண்பரின் மகளும் உடன் வந்தாள். முதலிற் பார்த்தது றோயல் எக்ஸ்சேஞ் எனப்படும் பருத்திச் சந்தை மண்டபம். ஒரு காலத்தில் ஆயிரக்கணக்கான வணிகர் கூடி உலகத்துப் பஞ்சுக்கும் துணிக்கும் விலை பேசிய இடம். 1968 இல் வாணிகம் ஓய்ந்தது. 1976 இல் மண்டபத்தின் நடுவே ஒரு வட்ட நாடக அரங்கை அமைத்தனர். சற்றே தலை நிமிர்ந்து உயரப் பார்க்க மறவாதீர்கள். வாணிகம் நடந்த கடைசி நாளின் விலைகள் அங்குள்ள பலகையிலே இன்னும் அழியாதிருக்கின்றன. ஓர் ஊரின் பெருந்தொழில் நின்றுபோன நாளை அவ்வூரார் மறையாது வைத்திருப்பது எமக்குப் பிடித்திருந்தது.

அண்மையிலே லிங்கன் சதுக்கத்தில் அமெரிக்கத் தலைவர் ஆபிரகாம் லிங்கனின் சிலை நிற்கிறது. மான்செஸ்ரரில் லிங்கனுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது தென் மாநிலங்களின் பஞ்சு வருவது தடைப்பட்டது, ஆலைகள் மூடப்பட்டன, தொழிலாளர் பட்டினியுற்றனர். அப்பஞ்சு அடிமைகள் பறித்த பஞ்சு. பட்டினி கிடந்த நிலையிலும் மான்செஸ்ரர்த் தொழிலாளர் 1862 மார்கழி 31 ஆம் நாள் கூடி, அடிமைத்தனத்தை ஒழிக்க முயலும் லிங்கனை ஆதரித்துக் கடிதம் எழுதினர். அடுத்த தை மாதத்தில் அவர் நன்றி கூறி மறுமொழி விடுத்தார். அக்கடிதச் செய்தி சிலையின் பீடத்திலே பொறிக்கப்பட்டுள்ளது. அந்நகரின் செல்வத்திலே அடிமைகளின் வியர்வையும் ஆலைகளில் உழைத்த சிறுவரின் கண்ணீரும் கலந்திருந்தன என்பதையும், எமது நாடுகளின் கைத்தறிகள் நலிந்தமைக்கு அவ்வாலைகளும் காரணம் என்பதையும் மறைத்தல் நேர்மையன்று. அதே நகரத்திலே வயிறு வாடியும் நீதி பேசிய எளியோர் இருந்தனர் என்பதும் உண்மையே. மாணவர்கள் இரண்டையும் சேர்த்தே கற்றல் வேண்டும்.

பின்னர்ப் புனித பீற்றர் சதுக்கம். 1819 ஆவணி 16 ஆம் நாள் அவ்விடத்திலே ஏறத்தாழ அறுபதினாயிரம் மக்கள் பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டிக் கூடினர். அத்துணைப் பெரிய ஊருக்குத் தனியே ஒரு பிரதிநிதிதானும் அக்காலத்தில் இல்லை. குதிரைப்படை வாளுருவிப் புகுந்தது, பதினெண்மர் மாண்டனர், நூற்றுக்கணக்கானோர் காயமுற்றனர். பீற்றர்லூ என்று வரலாறு கூறும் அக்கொடுமைக்கு, இருநூறாவது ஆண்டாகிய 2019 இல், ஏறிச் செல்லத்தக்க வட்டப் படிகளாக நினைவுச் சின்னம் அமைத்துள்ளனர். மாண்டோர் பெயரும் அவர்தம் ஊர்ப் பெயரும் படிகளில் உள்ளன.

சதுக்கத்திலே கதிரை ஒன்றின்மேல் ஏறி நின்று கை நீட்டிப் பேசும் பெண்ணின் வெண்கலச் சிலையைக் கண்டதும் நண்பரின் மகள் ஓடினாள். “மாமா, இவ எமலின் பாங்கேஸ்ற். இந்த ஊரிலதான் பிறந்தவ. பொம்பிளையளுக்கு வோட்டுக் கேட்டவ. நாங்கள் ஸ்கூலில படிச்சனாங்கள்” என்று, தமிழும் ஆங்கிலமும் தடுமாறக் கூறி முடித்தாள். 2018 இல் அச்சிலை நிறுவப்பட்டது. பிரித்தானியாவிற் பெண்கள் ஆண்களோடு சமமாக வாக்குரிமை பெற்றது 1928 இல், இலங்கையில் இருபாலார்க்கும் சர்வசன வாக்குரிமை வந்தது 1931 இல் என்று நாம் கூறியபோது, “உண்மையாவோ? மூன்று வருஷம்தானோ வித்தியாசம்?” என்று கண்ணை அகல விரித்தாள். தந்தையார் அவளைப் பார்த்த பார்வையிலே பழைய முதலாம் பிள்ளையை நாம் மீண்டும் கண்டோம்.

அங்கேயே உள்ளது 1934 இல் திறக்கப்பட்ட மத்திய நூலகம். உரோமாபுரியின் பழங்கோயிலைப் போல வட்ட வடிவினது. அதன் மேல்மாடிப் படிப்பு மண்டபத்தின் கவிந்த கூரையின் கீழே ஒரு நூலை மெல்ல மூடினாலும் ஓசை சுற்றிச் சுற்றி வரும். இரைந்து பேசுவோரை அடக்க அங்கே ஆசிரியர் வேண்டுவதில்லை. அவரவர் குரலே அவரவரை அடக்கிவிடும். இத்தகைய கூரை ஒன்று எமது கல்லூரிக்கும் வாய்த்தால் நன்று. மகளின் பெயரில் நண்பர் அன்றே அங்கத்துவ அட்டை பெற்றார். சற்று யோசித்துத் தம் பெயரிலும் ஒன்று பெற்றார்.

மூன்றாம் நாட் காலையிற் காசில்பீல்ட் பகுதிக்குச் சென்றோம். உரோமர் கோட்டை இருந்த இடம். 1761 இல் நிலக்கரி கொண்டுவர வெட்டிய பிறிஜ்வாட்டர்க் கால்வாய். 1830 புரட்டாதி 15 ஆம் நாள் லிவர்பூலுக்கு முதற் புகையிரதப் பாதை திறக்கப்பட்டபோது எழுந்த லிவர்பூல் வீதி நிலையம். யாவும் நடை தூரத்தில் உள்ளன. அந்நிலையக் கட்டடத்தை வெளியே நின்று பார்த்தாலும் போதும். யாழ்தேவியில் ஏறி இறங்கிய எவருக்கும் அதனோடு உறவுண்டு. விளையாட்டிலே விருப்புள்ள மாணவர்க்கு ஓல்ட் ட்ரபர்டிற் காற்பந்து மைதானமும் கிறிக்கெற் மைதானமும் உண்டு. 1956 இல் ஜிம் லேக்கர் ஒரே போட்டியிற் பத்தொன்பது விக்கெற்றுகள் வீழ்த்தியது அக்கிறிக்கெற் மைதானத்திலே. முத்தையா முரளிதரன் லங்காசயர் அணியிற் சேர்ந்து 1999 இல் முதன்முறை ஆடியதையும் அவ்வூரார் மறந்திலர்.

நிறைவாகச் சாக்வில் பூங்காவுக்குச் சென்றோம். கணினி அறிவியலின் முன்னோடியாகிய அலன் ரூறிங், கையில் அப்பிளுடன் ஒரு வாங்கில் அமர்ந்திருக்கும் சிலை அங்குண்டு. நினைவகத்திலே வைத்த கட்டளைத் தொகுதியை இயக்கிய முதற் கணினி 1948 ஆனி 21 ஆம் நாள் மான்செஸ்ரர்ப் பல்கலைக்கழகத்திலே இயங்கியது. அவ்வாண்டே ரூறிங் அப்பல்கலைக்கழகத்துக்கு வந்தார். பின்னர்த் தம் அந்தரங்க வாழ்வுக்காகத் தண்டிக்கப்பட்டு, 1954 இல் மாண்டார். 2013 இலேயே அரச மன்னிப்புக் கிடைத்தது. அறிஞனை அவன் வாழும்போது வதைத்துப் பின்னர்ச் சிலை வைத்தல் எந்நாட்டுக்கும் பொதுவான வழக்குப்போலும்.

பூங்காவிலே வேறொரு வாங்கில், கல்லூரியில் இருந்தது போலவே அவர் இடப்புறமும் நாம் வலப்புறமுமாக அமர்ந்தோம். அங்கேதான் எமது பிழையைச் சொன்னோம். பல ஆண்டுகளுக்கு முன்னர் அவர் அன்னையார் ஊரிலே காலமானார். மகன் வர இயலாத காலம் அது. எமது வீட்டிலிருந்து ஒரு மைல் தூரம். மறுமொழி எழுதாதவன் வீட்டுக்கு நாம் ஏன் போகவேண்டும் என்ற வீம்பினாற் செத்த வீட்டுக்கும் போகவில்லை, அந்தியேட்டிக்கும் போகவில்லை. பள்ளி விட்டு வரும் வழியில் எத்தனையோ நாள் எமக்குச் சோறிட்ட அன்னை அவர். இதனைச் சொல்லி முடிக்க எமக்கு நெடுநேரம் பிடித்தது.

“எனக்குத் தெரியும், மச்சான். ஆர் ஆர் வந்தது என்று கேட்டனான், உன்ர பேர் இல்லை” என்றார். சிறிது நேரம் கழித்து, “அம்மா இருந்திருந்தால் கோவிச்சிருக்க மாட்டா. சாப்பிட்டியோ என்றுதான் கேட்டிருப்பா” என்றார். மழை தூறத் தொடங்கியது. குடை ஒன்றுதான் இருந்தது.

மாலையிற் புகையிரத நிலையத்திலே கடதாசியிற் சுற்றிய சிறு பொதி ஒன்றை எம் கையில் வைத்தார். இலண்டன் போய்ப் பிரிக்குமாறு கூறினார். நாம் புகையிரதத்திலேயே பிரித்தோம். உள்ளே நன்னூல் உரை. முதற் பக்கத்தில் எமது கல்லூரி நூலக முத்திரை. பின்னட்டைத் தாளில் 1995 ஐப்பசித் தவணைத் திகதி. இடம்பெயர்ந்த இரவிலே உடுபுடைவைகளிடையே வைத்தது. நாவற்குழியும் வன்னியும் கொழும்பும் கடந்து இருபத்தேழு ஆண்டுகளுக்கு மேலாக அவரோடு இருந்தது. ஊர் மீண்டபின், நூலகப் பட்டியலை மீளெழுத உதவிய மாணவர்களுள் நாமும் ஒருவர். அந்நூலின் பெயருக்கு நேரே ‘அழிந்தது’ என்று எழுதியது எமது கையே.

உடனே தொலைபேசியில் அழைத்தோம். “தண்டம் எவ்வளவு வரும்?” என்று கேட்டார். நாளொன்றுக்கு ஐம்பது சதம் வீதம் கணக்கிட்டால் ஐயாயிரம் ரூபாவுக்குச் சற்று மேல் வரும் என்றோம். இருவரும் சிரித்தோம். பின்னர் இருவரும் சிரிக்கவில்லை.

அந்நூல் இன்று எமது கல்லூரி நூலகத்திலே பழைய இலக்கத்தோடு அதே வரிசையில் இருக்கிறது. ‘அழிந்தது’ என்ற சொல்லை நூலகரின் முன்னிலையில் எமது கையாலேயே வெட்டினோம். ஊர் திரும்பிய வாரத்திலே நண்பரின் அன்னையார் இருந்த வீட்டுக்கும் போய், இப்போது அங்கிருக்கும் அவருடைய சிறிய தாயாரைக் கண்டு வந்தோம். காலம் கடந்து போனதாயினும், போனோம்.

மான்செஸ்ரர் செல்லவிருக்கும் பழைய மாணவர்களே! சேத்தம் நூலகத்தைப் பாருங்கள். றைலண்ட்ஸ் நூலகத்தில் அரை மணி நேரம் வாளா இருங்கள். பருத்திச் சந்தையின் பலகையை நிமிர்ந்து பாருங்கள். வேறு எந்நகருக்குப் போயினும், எமது அனுபவத்தால் ஒன்று கூறுவோம். அங்கே இரவு வேலை செய்து பகலில் உறங்கும் எம் கல்லூரிப் பிள்ளை ஒருவர் இருக்கக்கூடும். அவருடைய வீட்டிலே விருந்துண்டு திரும்பிவிடாதீர்கள். அவருக்கு ஒரு நாள் ஓய்வு கிடைக்கும்போது, அவருடைய ஊரை அவருக்கே காட்டி வாருங்கள். அவரிடமும் கல்லூரிக்குச் சேரவேண்டிய ஏதோ ஒன்று இருக்கலாம். உங்களிடமும் அவருக்குச் சேரவேண்டிய ஏதோ ஒன்று இருக்கலாம்.

கல்லூரி அன்னை நீடு வாழ்க!